91-ஐ எதால் வகுப்பது?

அண்ணன் மகளின் கணக்குத் தேர்வுத் தாள் போன வாரம் என் கைக்கு வந்தது. ஆறாம் வகுப்பு. அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் முன் என்னிடம் காட்டி ஒரு ஆறுதல் வாங்கிக்கொள்வது அவள் வழக்கம். இரண்டு இடங்களில் அரை அரை மதிப்பெண் போயிருந்தது.

முதல் கேள்வி, ஒரு நாளில் 8 மணி நேரம் தூங்குபவர் நாளின் எந்தப் பகுதியைத் தூக்கத்தில் கழிக்கிறார் என்பது. 8/24 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் 'சுருக்குக' என்று ஒரு வார்த்தை, அரை மதிப்பெண் அவுட். இரண்டாவது, 91/119-ஐ எளிய வடிவில் எழுதச் சொன்ன கேள்வி. 'இதற்கு மேல் சுருக்க முடியாது' என்று எழுதிவிட்டு வந்திருந்தாள்.

"நான் 2, 3, 5 எல்லாம் போட்டுப் பாத்தேன் சித்தப்பா. எதுலயும் போகல. 91-ஐ எதால வகுக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு அவள் வகுப்பில் கிடைத்த பதில், '7-ஐயும் போட்டுப் பார்த்திருக்கணும்'. சரி, 7-க்கு அப்புறம்? 11, 13, 17 என்று எதுவரை போட்டுப் பார்ப்பது? எங்கே நிறுத்தலாம்? அதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் அந்த வயதில் யாரும் சொல்லவில்லை. வாய்ப்பாடு நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு 91 என்றதும் 13 ஏழு என்று மின்னும். மின்னாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் போகும். அதாவது இந்தக் கேள்வியில் சோதிக்கப்படுவது கண்டுபிடிக்கும் முறை இல்லை, வெறும் பரிச்சயம்.

இந்தக் கோபத்தோடுதான் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய சீன நூலை மறுபடி எடுத்தேன். 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்று சொல்லப்படும் ஜியூஜாங் சுவான்ஷு. ஹான் வம்சக் காலத்தில் தொகுக்கப்பட்டது, இப்போதைய வடிவத்தை ஏறக்குறைய முதல் நூற்றாண்டில் அடைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கி.பி. 263-இல் லியூ ஹுய் என்பவர் இதற்கு உரை எழுதினார். நம்மூர் மூலமும் உரையும் மாதிரியே மூலத்தை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும், உரையோடு படிக்க வேண்டும்.

முதல் அத்தியாயம் நிலம் அளப்பது பற்றி. மொத்தம் 38 கணக்குகள். முதல் நான்கும் செவ்வக வயல்களின் பரப்பு. அகலம் 15 அடி, நீளம் 16 அடி, பரப்பு எவ்வளவு என்கிற ரகம் (அடி என்று நான் எழுதுவது அவர்கள் நடை தப்படியால் அளந்த அளவு, நம்முடைய 12 அங்குல அடி இல்லை). ஐந்தாவது கணக்கில் திடீரென்று வயலைக் காணோம். 18-இல் 12, சுருக்கினால் என்ன? விடை, 3-இல் 2. ஆறாவது கணக்கு 91-இல் 49. விடை 13-இல் 7.

ஆமாம், அதே 91. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலும் பிள்ளைகளை மாட்டிவிட அதே எண்ணைத்தான் பிடித்திருக்கிறார்கள். என்ன வித்தியாசம் என்றால், அவர்கள் மாட்டிவிட்டதோடு வழியையும் சொல்லிவிட்டார்கள்.

விதியை என் வார்த்தையில் சொல்கிறேன். இரண்டையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கு. முடியாவிட்டால் தாய், பிள்ளை இரண்டு எண்களையும் பக்கத்தில் தனியாக வை. (பகுதியை அவர்கள் தாய் என்பார்கள், தொகுதியைப் பிள்ளை என்பார்கள்.) பெரியதிலிருந்து சிறியதைக் கழி. மாற்றி மாற்றிக் கழித்துக்கொண்டே போ, இரண்டும் சமமாகும் வரை. அந்தச் சம எண்ணால் இரண்டையும் வகு. அவ்வளவுதான்.

49-ஐயும் 91-ஐயும் வைத்துப் பார்ப்போம். 91-இல் 49 போனால் 42. 49-இல் 42 போனால் 7. இப்போது கையில் 42-உம் 7-உம். 42-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் 35, 28, 21, 14, 7. இரண்டும் 7. முடிந்தது. 49-ஐ 7-ஆல் வகுத்தால் 7, 91-ஐ வகுத்தால் 13.

எங்கேயாவது வாய்ப்பாடு தேவைப்பட்டதா? பகா எண் என்கிற சொல்லாவது வந்ததா? கழிக்கத் தெரிந்தால் போதும். 'எதால் வகுப்பது' என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்கின்றன, நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

இதையே நம் ஆளின் 91/119-க்குப் போட்டால், 119-இல் 91 போக 28. 91-இல் 28 மூன்று முறை போக 63, 35, 7. பிறகு 28-இலிருந்து 7, 7-ஆகப் போனால் 21, 14, 7. சம எண் 7. விடை 13/17. அவளுக்குச் செய்து காட்டினேன். சம எண் வந்த சந்தோஷத்தில் அதை எதன் மேல் பிரயோகிப்பது என்று மறந்துபோய் விழித்தாள். தாளில் 91-உம் 119-உம் அடித்து அடித்து எழுதியதில் மறைந்துவிட்டிருந்தன. அப்போதுதான் எனக்கு விதியில் உள்ள அந்த 'பக்கத்தில் தனியாக வை' ஏன் என்று உறைத்தது. அவர்கள் எண்களைக் குச்சிகளால் பலகை மேல் அடுக்குவார்கள். கழிக்கக் கழிக்கக் குச்சிகள் மாறிவிடும், பழைய எண் போய்விடும். அதனால் ஒரு நகலை வைத்துக் கழி, அசலைத் தொடாதே என்கிறது விதி. யாரோ ஒரு வாத்தியார் பல பிள்ளைகள் அசலைத் தொலைத்ததைப் பார்த்து நொந்துபோய்ச் சேர்த்த வரியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இது அந்த நூலுக்கே உரிய கண்டுபிடிப்பும் இல்லை. 1983-84-இல் ஹூபே மாகாணத்தின் ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த மூங்கில் பட்டைகளில் இதைவிடப் பழைய கணக்கு நூல் ஒன்று இருந்தது, சுவான்ஷு ஷு. கல்லறை ஏறக்குறைய கி.மு. 186-ஐச் சேர்ந்தது. அதிலும் பின்னம் சுருக்கும் விதி உண்டு. அதில் உள்ள உதாரணம் 2016-இல் 162. சுருக்கினால் 112-இல் 9. அலுவலக உதவியாளன் ஒருவன் அன்றாடம் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்காகவே இது தெரிகிறது, பிள்ளைகளுக்காகச் சீவி எடுத்த எண்ணாக இல்லை.

என்னை அதிகம் கவர்ந்தது விதி இல்லை, அது வைக்கப்பட்ட இடம். நாம் என்ன வரிசையில் படிக்கிறோம்? காரணி, பகாக் காரணி, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, அப்புறம் பின்னக் கூட்டல். கூட்டலுக்கு மீ.சி.ம. எடுக்கத் தெரியாதவன் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒன்பது அத்தியாயங்களில் சுருக்குதல் முதலில் வருகிறது, கூட்டல் அதற்கு அப்புறம். கூட்டல் விதியில் மீ.சி.ம. என்ற பேச்சே இல்லை. எல்லாத் தாய்களையும் பெருக்கு, குறுக்கே பெருக்கிக் கூட்டு, வகு. முடிஞ்சுது.

ஒன்பதாவது கணக்கைப் பாருங்கள். 1/2, 2/3, 3/4, 4/5 நான்கையும் கூட்ட வேண்டும். தாய்களைப் பெருக்கினால் 120. பிள்ளைகள் முறையே 60, 80, 90, 96. மொத்தம் 326. 120-ஆல் வகுத்தால் 2, மீதி 86. ஆக 2-உம் 120-இல் 86-உம். ஆனால் நூல் தரும் விடை 2-உம் 60-இல் 43-உம். நடுவே ஒரு பாதியாக்கல் நடந்திருக்கிறது, அதை விதி சொல்லவில்லை, விடை காட்டிக்கொடுக்கிறது. முரட்டுத்தனமாகப் பெருக்கு, கடைசியில் ஒரே தடவை சுருக்கு என்பதுதான் அவர்கள் வழி. சுருக்குவதற்கு நிச்சயமான ஒரு கருவி கையில் இருக்கும்போது மீ.சி.ம. எடுக்க ஏணி போட்டு ஏற வேண்டிய அவசியம் இல்லை. எண்கள் பெரிதாகும் என்பது உண்மை. ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்கில் எவ்வளவு பெரிதாகிவிடப் போகிறது?

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் குறை, அந்தப் பாதியாக்கும் படி. தர்க்கப்படி பார்த்தால் அது தேவையே இல்லை. 12-உம் 18-உம் எடுத்து நேராகக் கழித்தாலும் 6 கிடைக்கும், 2/3 வரும். வேலையைக் குறைக்கும் என்பதால் சேர்த்திருக்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் ஒரு தடவை பாதியாக்கினால் போதுமா, முடிகிற வரை பாதியாக்க வேண்டுமா என்று மூலம் சொல்லவில்லை. முதல்முறை படிக்கிறவன் இங்கே தடுமாறுவான்.

இரண்டாவது குறை பெரியது, அது நம் பாடப்புத்தகங்களுக்கும் அப்படியே பொருந்தும். கொடுத்த இரண்டு உதாரணமும் சுருங்குகின்றன. சுருங்காத பின்னம் ஒன்றுகூட இல்லை. உண்மை நிலவரம் என்ன? பெரிய எண்கள் வரைக்கும் எடுத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் இரண்டைப் பிடித்து மேலும் கீழும் போட்டால், அந்தப் பின்னம் ஏற்கெனவே எளிய வடிவில் இருப்பதற்கான வாய்ப்பு, 6-ஐப் பையின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். ஏறக்குறைய 0.6079. நூற்றுக்கு அறுபது பின்னங்கள் சுருங்கவே சுருங்காது! ஆனால் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தால் 6/8, 15/25, 24/36, எல்லாம் சுருங்கும். பிள்ளை கற்றுக்கொள்வது என்னவென்றால், கேள்வி கேட்டார்கள் என்றாலே சுருங்கும். 'சுருங்காது' என்பதை எப்படி நிச்சயப்படுத்துவது என்று கற்பதே இல்லை. அதனால்தான் நம் ஆள் 2, 3, 5 பார்த்துவிட்டு நம்பிக்கையின் பேரில் 'முடியாது' என்று எழுதினாள். கழித்தல் முறையில் அந்தப் பதிலும் உண்டு. 35/48-ஐ எடுங்கள். 48-இல் 35 போக 13. 35-இல் 13 இரண்டு முறை போக 9. 13-இல் 9 போக 4. 9-இல் 4 இரண்டு முறை போக 1. ஒன்றுக்கு இறங்கிவிட்டால் சம எண்ணும் ஒன்றுதான், சுருங்காது என்பது உறுதி. சந்தேகம் வைக்க இடமில்லை.

மூன்றாவது, ஏன் இந்த விதி வேலை செய்கிறது என்று மூலம் வாய் திறப்பதில்லை. லியூ ஹுய் உரையில் ஒரே வரியில் சொல்கிறார். கழிக்கப்படும் எண்கள் எல்லாம் அந்தச் சம எண்ணின் அடுக்குகள்தான், அதனால் அதால் வகுக்கலாம் என்பது அதன் சாரம். அழகான விளக்கம். 42 என்பது ஆறு ஏழு, 49 என்பது ஏழு ஏழு, 91 என்பது பதின்மூன்று ஏழு. குச்சிக் கட்டுகளாகக் கண்ணில் தெரியும். ஆனால் இது பாதிக் கிணறுதான். சம எண் இரண்டையும் வகுக்கும் என்பதைக் காட்டிவிட்டார். அதைவிடப் பெரிய எண் எதுவும் இரண்டையும் வகுக்காது என்பதைக் காட்டவில்லை. அது இல்லாமல் 'இதற்கு மேல் சுருங்காது' என்று சொல்ல முடியாது.

அந்த மீதிக் கிணற்றைத் தாண்டியது கி.மு. 300 வாக்கில் யூக்ளிட். 'மூலங்கள்' ஏழாம் புத்தகத்தின் முதல் இரண்டு தேற்றங்களும் இதே மாற்றி மாற்றிக் கழிப்பதுதான். பெரிய எண் ஒன்று இரண்டையும் வகுத்தால் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும், அடுத்த வித்தியாசத்தையும் வகுக்கும், கடைசியில் நிற்கிற எண்ணையும் வகுத்தாக வேண்டும். தன்னைவிடச் சிறிய எண்ணைப் பெரியது எப்படி வகுக்கும்? முடியாது. நிரூபணம் முடிந்தது. ஆனால் யூக்ளிடிடம் போய் ஒரு பின்னத்தைச் சுருக்கித் தாருங்கள் என்று கேட்டால் முறைப்பார். அவருக்கு ஒன்று என்பது உடையாதது, பின்னம் என்ற ஒன்றே அந்தப் புத்தகத்தில் இல்லை. விகிதம்தான் உண்டு. அதே விகிதத்தில் அமையும் மிகச் சிறிய எண்களைக் காண்பது எப்படி என்று 33-ஆவது தேற்றத்தில் சொல்கிறார். நமக்கு வேண்டியது அதேதான், வேறு உடையில். ஒருவரிடம் நிரூபணம், இன்னொருவரிடம் நிலம் அளக்கிறவன் கையில் கொடுக்கத்தக்க கருவி. பிள்ளைக்கு முதலில் எது வேண்டும் என்று கேட்டால் நான் கருவி என்பேன். நான் படித்த காலத்தில் இரண்டும் பத்தாம் வகுப்பு வாக்கில்தான் வந்தன, அதுவும் பின்னத்தோடு சம்பந்தம் இல்லாத ஏதோ ஒன்றாக.

இப்போது அந்த முதல் அரை மதிப்பெண்ணுக்கு வருகிறேன், 8/24. கேள்வியில் எளிய வடிவில் எழுதச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் சுருக்க வேண்டும் என்பது வகுப்பின் எழுதாத சட்டம். 8/24 தவறா? 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் என்ற விஷயம் அதில் அப்படியே இருக்கிறது. 1/3 என்று ஆக்கினால் மணி நேரம் போய்விடுகிறது. லியூ ஹுய் இந்த இடத்தில் ரொம்ப நியாயமாகப் பேசுகிறார். 4-இல் 2 என்பதை விரித்தால் 8-இல் 4, சுருக்கினால் 2-இல் 1, சொல் வேறானாலும் எண் ஒன்றே என்பது அவர் கருத்து. விரிப்பதும் அவருக்கு ஒரு சரியான வடிவம்தான். விரிக்காமல் கூட்டவே முடியாதே.

இரண்டு பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வர 6/36, 6 வர 5/36, 4 வர 3/36. இப்படி எழுதினால் ஒரே பார்வையில் எது அடிக்கடி வரும் என்று தெரிகிறது. சுருக்கி 1/6, 5/36, 1/12 என்று எழுதினால் ஒப்பிட மறுபடி விரிக்க வேண்டும். மேற்கத்திய இசையில் 6/8-உம் 3/4-உம் ஒரே நீளம், ஒரே தாளம் இல்லை. முதலாவது மூன்று மூன்றாக இரண்டு கொத்து, மற்றது இரண்டிரண்டாக மூன்று. (இசைக்காரர்கள் அதைப் பின்னம் என்று சொல்ல மாட்டார்கள் என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும்.)

நம் பழைய கணக்கே சாட்சி. 1/20 மா. 1/10-க்கு என்ன பெயர்? இருமா. 1/5-க்கு? நாலுமா. 20-இல் 4 என்பதைச் சுருக்காமல் அப்படியே பெயராக வைத்திருக்கிறோம். அந்த வரிசையில் மாவின் காலே காணி, 1/80. காணியின் கால் முந்திரி, 1/320. எல்லாமே 320-க்குள் அடங்கும் பேச்சு. சுருக்கிவிட்டால் இந்தப் படிக்கட்டு கலைந்துபோகும். ஆனால் அரைக்கும் காலுக்கும் தனிப் பெயர் இருக்கிறது, 'பத்துமா' என்று அரையைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எங்கே சுருக்கினால் வசதி, எங்கே விட்டுவைத்தால் வசதி என்று புழங்கியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, மூன்றில் ஒன்றை இந்த அளவுகளால் சரியாகச் சொல்லவே முடியாது. 320-இல் 2-உம் 5-உம்தான் காரணிகள், 3 கிடையாது. அதைச் சொல்ல 'மூன்றில் ஒன்று' என்று வேறு நடைக்குப் போக வேண்டும். சீனர்களும் அதே நடையில்தான் சொல்கிறார்கள், தாயை முதலில், பிள்ளையைப் பின்னால். மேலே 18-இல் 12 என்று நான் எழுதியது மொழிபெயர்ப்பு மாதிரியே தெரியவில்லை, கவனித்தீர்களா?

இன்னொரு சில்லறை விஷயம். நம் வகுப்பறைச் சொல் 'அடிச்சு விடு'. மேலே 5, கீழே 5, இரண்டையும் அடி. அடித்த இடத்தில் என்ன மிச்சம் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் பூச்சியம் என்பார்கள். அடித்தால் காணாமல் போகும், அதுதானே பொருள்! 16/64-இல் மேலும் கீழும் உள்ள 6-ஐ அடித்தால் 1/4, விடை சரி. 19/95, 26/65, 49/98 மூன்றும் இப்படியே சரியாக வரும். இரண்டு இலக்கத் தகு பின்னங்களில் இந்த நான்குதான் இப்படிப்பட்டவை. ஒரு பிள்ளைக்கு முதலில் இந்த நான்கில் ஒன்று மாட்டிவிட்டால் அப்புறம் அதைத் திருத்துவது கஷ்டம். சீன விதியில் அடித்தல் இல்லை, 'இந்த எண்ணால் வகு' என்றுதான் இருக்கிறது.

அவளுக்கு 391/437 கொடுத்துவிட்டு டீ போடப் போனேன். பார்த்தால் சுருங்காத முகம் உள்ள பின்னம். வாய்ப்பாட்டை நம்பினால் 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் ஏமாற்றும். திரும்பி வருவதற்குள் முடித்திருந்தாள். 437-இல் 391 போக 46, 391-இல் 46 எட்டு முறை போக 23, 46-இல் 23 போக 23. விடை 17/19. நகலைத் தனியாக ஒரு ஓரத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தாள்.

"மூணு எண் இருந்தா?" என்றாள்.

42, 70, 105 கொடுத்தேன், எதையும் சொல்லித் தராமல். சிறியதை மற்ற இரண்டிலும் கழித்தாள். 42, 28, 63. மறுபடி 14, 28, 35. அப்புறம் 14, 14, 21. அப்புறம் 14, 14, 7. கடைசியில் 7, 7, 7. வகுத்தால் 6, 10, 15.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சித்தப்பா, இது தப்பு. 6-உம் 10-உம் ரெண்டால போகுதே" என்றாள்.

"போகும். 15?"